புதுப்பிப்பு: நான்கு லியாங் தேயிலை எத்தனை கிராம்?

ஹாங்காங் கடையில் நான்கு லியாங் (சீனர்களின் பாரம்பரிய எடை அளவு) தேயிலை வாங்கினால் எத்தனை கிராம் கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். 200 என்றும் 150 என்றும் பதில்கள் வந்தன. 200 சொன்னவர்களுடையது சீனப் பெருநிலத்துக் கணக்கு: லியாங்கைவிடப் பெரிய அளவான ஒரு ஜின் 500 கிராம், அதில் 10 லியாங். 1959-க்கு முன்பு அங்கேயும் ஒரு ஜின்னுக்கு 16 லியாங்தான்! ஹாங்காங் அந்த 16-ஐ விடவில்லை. அங்கே ஜின் சுமார் 604.79 கிராம், லியாங் 37.8, ஆக நமக்குக் கிடைப்பது சுமார் 151 கிராம். தைவானில் ஜின் 600 கிராம்.

அப்புறம், பழைய சீன மருந்துச் சீட்டு பற்றிக் கேட்டவருக்கு: சியென் என்பது பழைய, ஜின்னுக்கு 16 என்ற கணக்கு லியாங்கில் பத்தில் ஒன்று. 1979 முதல் பெருநிலத்து மருத்துவர்கள் அதை 3 கிராம் என்றே வைத்துக்கொள்கிறார்கள். ஹாங்காங்கில் தங்கம் நிறுக்கும் லியாங் மட்டும் தனி: 37.429 கிராம்.