பையில் "கருகல் எதிர்ப்பு" என்று போட்டிருந்தும் மக்காச்சோளத்தில் இலையுறை கருகுவது ஏன்?

மேட்டுவயல்:
ஒரத்தநாடு பக்கம். குறுவை அறுத்த மேட்டு வயலில் புரட்டாசிக் கடைசியில் பார் பிடித்து ஹைப்ரிட் மக்காச்சோளம் ஊன்றியது. பயிருக்கு இப்போது 40 நாள், விட்டு விட்டு மழை. தரையை ஒட்டிய இலையுறைகளில் வைக்கோல் நிறத் திட்டு, ஓரத்தில் பழுப்புக் கோடு, பட்டை பட்டையாக மேலே ஏறுகிறது. விதைப் பையில் "இலைக்கருகல் எதிர்ப்பு" என்று அச்சடித்திருக்கிறது. எதிர்ப்பு ஜீன் இருந்தால் நோய் வரலாமா? விதை எடுத்து வைத்தால் அந்த எதிர்ப்பு அடுத்த பட்டத்துக்கும் வருமா?

பூசணக்கண்:
பை சொல்லும் கருகல் வேறு, வயலில் இருப்பது வேறு. பையில் போடுவது பெரும்பாலும் டர்சிகம் அல்லது மேடிஸ் என்ற வேறு பூசணங்கள் உண்டாக்கும் இலைக்கருகலுக்கு. உங்களுக்கு வந்திருப்பது ரைசோக்டோனியா சொலானி என்ற பூசணம், அதில் ஏஜி1-ஐஏ பிரிவு. நெல்லில் இலையுறை கருகலை உண்டாக்குவதும் இதே ஆள்தான். குறுவைத் தாளிலும் மண்ணிலும் பழுப்பு முடிச்சாகக் கிடந்தது, ஈரம் கண்டதும் முளைத்துப் பக்கத்து உறையைப் பிடித்திருக்கிறது. காய்ந்த உறையை உரித்து உள்பக்கம் பாருங்கள், கடுகளவு முடிச்சுகள் ஒட்டியிருக்கும்.

டர்சிகத்துக்கு ஹெச்டி1, ஹெச்டிஎன்1 என்று ஒற்றை ஜீன்கள் உண்டு. ஹெச்டிஎன்1 மெக்சிகோவின் பெபிடில்லா நாட்டு ரகத்திலிருந்து வந்தது. செல்சுவரோடு ஒட்டியிருக்கும் ஒரு கைனேஸ் (சமிக்ஞை கடத்தும்) புரதத்தை உண்டாக்குகிறது. அது இருந்தால் கருகல் தாமதமாகத்தான் தோன்றும். பூசணத்தின் எல்லா இனத்துக்கும் இவை செல்லாது. ஹெச்டி1-ஐ முறிக்கும் இனம் வெகுநாளாகவே இருக்கிறது.

ரைசோக்டோனியாவுக்கு அப்படிப்பட்ட பெரிய ஜீன் கிடையாது. பல ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று இதில் சுவாரசியமானது. இசட்எம்எஃப்பிஎல்41 என்ற புரதம், லிக்னின் செய்ய உதவும் என்சைமைப் பிடித்து அழித்துவிடுகிறது. நோயைத் தாங்கும் ரகத்தில் அந்தப் புரதத்தின் இரண்டு அமினோ அமிலம் மாறியிருப்பதால் அந்தப் பிடி விழுவதில்லை. லிக்னின் சேர்ந்து தண்டு இறுகுகிறது. அதுவும் தாங்கும் தன்மைதான், நோயே வராது என்பதல்ல.

விதைக்கணக்கு:
விதை எடுக்கும் கேள்விக்கு: வேண்டாம். ஹெச்டி1 ஓங்கு ஜீன், ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்யும். பெற்றோரில் ஒன்று மட்டும் அதைக் கொடுத்திருந்தால், எடுத்து வைக்கும் விதையில் நாலில் ஒரு செடிக்கு அது இருக்காது. பல ஜீன் சேர்ந்த எதிர்ப்போ இன்னும் கண்டபடி சிதறும். ஹைப்ரிட் வீரியமும் இறங்கிவிடும், அந்த நட்டமே பெரிது.

அம்மா வழியா அப்பா வழியா என்றும் சிலர் கேட்பார்கள். நியூக்ளியஸ் ஜீன் இரண்டு பக்கமும் வரும். நோய்க்கு இடம்கொடுக்கும் குணம் தாய் வழி மட்டுமே வந்த பிரபல கேஸ் 1970-இல் அமெரிக்காவில் நடந்தது. ஆண்மலட்டு (மகரந்தம் தராத) டி-சைட்டோபிளாசத்தின், தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்த டி-அர்ஃப்13 ஜீன், மேடிஸ் பூசணத்தின் டி இனம் விடும் நச்சுக்கு வழி திறந்துவிட்டது. அந்த ஒரே தாய்வழி விதையைத்தான் அங்கே பெரும்பரப்பில் போட்டிருந்தார்கள்.

மேட்டுவயல்:
புரிகிறது சார். இப்போதைக்கு என்ன செய்வது?

பூசணக்கண்:
முதலில் பாரின் தண்ணீரை வடியுங்கள். பிறகு அடியில் உள்ள 2–3 இலைகளை உறையோடு சேர்த்து உரித்தெடுங்கள். இலையை மட்டும் கிள்ளி உறையை விட்டால் பயனில்லை, பூசணம் உறையில்தான் உட்கார்ந்திருக்கிறது. உரித்ததைப் பாரிலேயே போடாமல் வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள்.

அதன் பிறகுதான் மருந்து. அசாக்சிஸ்ட்ரோபின் 18.2% + டைஃபெனோகோனசோல் 11.4% எஸ்சி, லிட்டருக்கு 1 மில்லி. நாசிலைக் கீழே இறக்கி அடித்தண்டு நனைய அடிக்க வேண்டும். கொண்டை மேல் அடிப்பது காசுக்குக் கேடு. மழை இடைவெளி பார்த்து அடியுங்கள். கதிர் மட்டைக்கு ஏறிவிட்டால் மணி போயிற்று. மேலுரமாக யூரியாவை அள்ளி வீசாதீர்கள், இலை நெருங்கினால் ஈரம் காயாது.

விதைக்கணக்கு:
அடுத்த முறை இடைவெளி 60-க்கு 25 செ.மீ.யை விட நெருக்காதீர்கள். இலை இலையைத் தொட்டால் அதுவே பாலம். உளுந்துக்கு மாறினால் தப்பிக்கலாம் என்றும் நம்ப வேண்டாம், ரைசோக்டோனியா உளுந்தையும் பிடிக்கும். விதை வாங்கும்போது "கருகல் எதிர்ப்பா" என்று கேட்காமல், இலையுறை கருகலுக்குச் செயற்கையாக நோய் ஏற்றிப் பார்த்த மதிப்பெண் இருக்கிறதா என்று கேளுங்கள். பூசணம் வளர்த்த பார்லி மணியை உறைக்கும் தண்டுக்கும் நடுவே செருகி, நோய் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் குறைவாக இருந்தால் நல்லது.