மறு: கடற்கரை மணல் கட்டுரைக்குக் கலைச்சொல் – ‘எதிர்ப்பு’ வேண்டாமே

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கழிவுநீர் கலந்த கடற்கரை பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும் நண்பர், ஆன்டிபயாடிக் மருந்துக்குச் சாகாத கிருமியை (antibiotic-resistant bacteria) ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு பாக்டீரியா’ என்று போட்டிருந்தார். அகராதிப்படி தப்பில்லை. வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள், யார் யாரை எதிர்க்கிறார்கள் என்றே தெரியாது.

நாக்கு சுளுக்குவதைக்கூட விட்டுவிடலாம். ஈரோட்டில் ஒரு லேபில் கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் ரிப்போர்ட் பார்ப்பவன் நான். சிறுநீர் ரிப்போர்ட் வாங்க வந்த ஓர் அம்மாவிடம், “இந்த மருந்துக்கு எதிர்ப்பு இருக்குதுங்க” என்றேன். “அப்போ எதிர்ப்பு சக்தி நல்லா இருக்குதுங்களா?” என்று முகம் மலர்ந்து கேட்டார். அவர்மேல் என்ன குற்றம்? கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரோடு சேர்த்து அந்தச் சொல்லை வீடுவீடாகக் கொண்டுபோனவர்கள் நாம்தானே. மருந்தை வென்றது உடம்பு இல்லை, கிருமி. செய்தியே அதுதான், அதைத்தான் இந்தச் சொல் மறைக்கிறது.

இன்னொருவர் சொன்ன ‘தாங்குதிறன்’ அழகான சொல். ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. மருந்து இருக்கும்போது பெருகாமல், சாகவும் செய்யாமல் தாக்குப்பிடிக்கும் கிருமிகள் உண்டு. அவற்றுக்கு அதை ஒதுக்கி வைப்போம்.

என் பரிந்துரை ‘அடங்காமை’. “காய்ச்சல் மாத்திரைக்கு அடங்க மாட்டேங்குதுங்க” என்று நம் பக்கம் சொல்வதுதான். அடங்காப்பிடாரியை அறியாத தமிழர் உண்டா! மருந்தடங்காமை, மருந்தடங்காக் கிருமி, பன்மருந்தடங்காமை என்று நீட்டவும் வருகிறது. மரபணுவை மட்டும் ‘அடங்காமை மரபணு’ என்றே எழுத வேண்டும். ‘அடங்கா மரபணு’ என்றால் மரபணுவே அடங்காதது போலாகிவிடும்.

லேபிலும் இது பொருந்துகிறது. தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து ஊறிய சின்னக் காகித வில்லைகளை வைத்து, இரவு முழுக்கச் சூட்டுப்பெட்டியில் விடுவோம். காலையில் சில வில்லைகளைச் சுற்றித் தெளிவான வட்டம் இருக்கும், அங்கே கிருமி அடங்கியிருக்கிறது. வேறொரு வில்லையின் விளிம்புவரை வெளிறிய ஆடையாகப் படிந்து வளர்ந்திருக்கும், அது அடங்காதது. வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எஸ், ஐ, ஆர் (S, I, R) என்று எழுதுவோம். நடுவில் உள்ள ‘ஐ’க்கு இந்தச் சோதனைக்கு அளவுகோல் வகுக்கும் ஐரோப்பாவின் யூகாஸ்ட் (EUCAST) அமைப்பு 2019இல் புது விளக்கம் கொடுத்தது: மருந்து கூடுதலாகச் சென்று சேர்ந்தால் பலிக்கும். அடங்கும், கூட்டிக் கொடுத்தால் அடங்கும், அடங்காது. மூன்றும் சுலபமாக வந்துவிட்டன, ‘எதிர்ப்பை’ வைத்துக்கொண்டு நடுவில் உள்ளதைச் சொல்லிப் பாருங்கள்.

கட்டுரையில் மணல் பகுதியை இன்னும் விரிக்கலாம். கழிவோடு வரும் கிருமிக்குத் தண்ணீரைவிட மணல் வசதி. மேல்மணலுக்குக் கீழே வெயில் இறங்காது, மணல் துகளில் பிசுபிசுப்பான படலம் கட்டி நெருக்கமாக வாழலாம். அந்த நெருக்கத்தில் பிளாஸ்மிட் (கிருமிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ வளையம்) வழியாக அடங்காமை மரபணு ஒரு வகைக் கிருமியிலிருந்து வேறொரு வகைக்கே தாவும். அமெரிக்க மேற்குக் கடற்கரை மணலில் மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி கிடைத்திருக்கிறது.

கடல் நமக்குத் தூரம் என்று கொங்கு வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. நொய்யல் காவிரியில் சேர்கிறது, காவிரி கடலுக்குப் போகிறது. கோழித் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்த கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை மத்திய அரசு 2019இல் தடை செய்தது, நாமக்கல்காரர்களுக்கு நினைவிருக்கும். வேறு எந்த மருந்துக்கும் அடங்காதபோது ஐசியூவில் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதற்கு அடங்காமையைத் தரும் எம்சிஆர்-1 என்ற மரபணு பிளாஸ்மிடில் ஏறிப் பரவுவதைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டிருந்தார்கள்.

ஓர் இடத்தில் என் சொல் இடிக்கிறது. கழிவில் உள்ள தாமிரம், துத்தநாகம் போன்ற உலோகங்களைச் சமாளிக்கும் மரபணுவும் மருந்தடங்காமை மரபணுவும் சில சமயம் ஒரே பிளாஸ்மிடில் இருக்கும். உலோகம் மட்டும் இருந்தாலே இரண்டும் சேர்ந்து நிலைக்கும். அங்கே ‘உலோக அடங்காமை’ ஒட்டவில்லை, கிருமியை அடக்கவா யாரும் உலோகத்தைக் கொட்டினார்கள்? அதற்கு ‘உலோகத் தாங்குதிறன்’ போதும்.

அப்புறம், ‘மருந்தடங்காக் கிருமி’யில் க் இயல்பாக வருகிறது. ‘மருந்தடங்காப் பாக்டீரியா’ என்று ப் போட்டால் பாக்டீரியாவின் முதலொலியே ‘b’ போய் ‘p’ ஆகிவிடுகிறது. ஒற்றில்லாமல் விடவே எனக்கு விருப்பம். இலக்கணம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம்.