டுலாக்செட்டின் மாத்திரையை நிறுத்தாமல் அக்குபஞ்சர்: மதுரையில் யாரிடம் போகலாம்?

அம்மாவுக்கு 58 வயசு. மூணு வருஷமா கழுத்து, தோள், இடுப்புன்னு உடம்பு முழுக்க வலி. ஆர்ஏ (முடக்குவாதம்), தைராய்டு டெஸ்ட் எல்லாம் நார்மல், ஃபைப்ரோமயால்ஜியான்னு (உடம்பு முழுக்க நீடிக்கிற வலி நோய்) சொன்னாங்க. போன வருஷத்திலிருந்து மனச்சோர்வும். தூக்கமில்லை, சீரியல்கூட வேண்டாமாம்.

பிசியோதெரபி, வலி மாத்திரை பாத்தாச்சு. இப்போ டுலாக்செட்டின் 60 மி.கி., வலி, மனச்சோர்வு ரெண்டுக்குமே. ஓரளவு தேவலை, அதுக்கு மேல நகரலை. கூடவே அக்குபஞ்சர் பாக்கலாம்னு மனநல டாக்டரே சொல்றார். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடற நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் (2021) இந்த வகை வலிக்கு அதைப் பரிசீலிக்கலாம்கிறது.

ஆனா இங்க விசாரிச்ச, ஊசி இல்லாம விரலால தொட்டு அக்குபஞ்சர் செய்யற தொடுசிகிச்சைக்காரங்க முதல்ல மாத்திரையை நிறுத்தச் சொல்றாங்க. திடீர்னு நிறுத்தினா தலைசுற்றல், பதற்றம் வருமே! அது முடியாது.

மாத்திரை தொடரும்போதே ஊசி போட்டு அக்குபஞ்சர் செய்யற, பிஎன்ஒய்எஸ் (இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு) படிச்ச டாக்டர் மதுரைப் பக்கம் யாரையாவது தெரியுமா?