வாள் வீசும் நாயகி, கையில் காசில்லை: எந்தப் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?

மருதாணி:
எல்லோருக்கும் வணக்கம். கல்லூரித் தோழிகள் மூவரும் நானும் சேர்ந்து இருபது நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப்போகிறோம். எந்த நாடு, எந்த நூற்றாண்டு என்று சொல்ல முடியாத மாயக்கதை. நாயகி வாள் வீசுகிறாள். கையில் இருப்பது 1,80,000 ரூபாய். குதிரைக்கு ஒரு நாள் வாடகையைக் கேட்டதும் நாயகியைக் கதையில் நடக்கவிட்டுவிட்டோம். நடிக்கப்போகிற தோழி எட்டு வருடம் பரதம் பயின்றவள். வாளைத் தொட்டதே இல்லை.

சென்ற ஞாயிறு மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தோம். மரவாளுக்கு வெள்ளி வண்ணம் அடித்திருந்தோம். கைப்பேசியில் பதிந்து பார்த்தால், அவள் ஈ ஓட்டுவதுபோல் இருக்கிறது. என் தம்பி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டார்.

'ரெட் சோன்யா' (1985) பார்த்தேன். அது பெரிய பணம் போட்ட படம், எங்களுக்கு ஆகாது. அதே காலத்தில் சொற்பச் செலவில் இப்படிப்பட்ட படங்கள் வரிசையாக வந்தன என்கிறார்கள். எவற்றைப் பார்க்கலாம்? மோசமான படமானாலும் பரவாயில்லை, எங்கே கோட்டைவிட்டார்கள் என்று தெரிந்தால் போதும்.

நள்ளிரவுக் காட்சி:
'டெத்ஸ்டாக்கர்' (1983), 'ஹண்ட்ரா' (1983), 'பார்பேரியன் குயின்' (1985), 'அமேசான்ஸ்' (1986). இந்த நான்கும் போதும். சுவரொட்டியைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள். 'டெத்ஸ்டாக்கர்' சுவரொட்டியை வரைந்தவர் போரிஸ் வலெஹோ. அதில் உள்ள பிரமாண்டத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் படத்தில் கிடையாது. அந்தப் படத்திலேயே எனக்குப் பிடித்தது சுவரொட்டிதான்.

அரிதாரம்:
அம்மா மருதாணி, முதலில் அந்த வெள்ளி வண்ணத்தைச் சுரண்டி எடுங்கள். முப்பத்திரண்டு வருடமாக நாடக உடை வாடகைக் கடை வைத்திருக்கிறேன். பள்ளி ஆண்டு விழா, வள்ளி திருமணம், திருவிழா நாடகம் என்று என் கடையிலிருந்து வெளியே போன வாள்களுக்குக் கணக்கில்லை. திரும்பி வராதவற்றுக்குக் கணக்கு இருக்கிறது.

வெள்ளி வண்ணம் வெளிச்சத்தில் சுண்ணாம்பு அடித்த மட்டைபோல்தான் தெரியும். வாளுக்குக் கறுப்பு அடியுங்கள். நன்றாகக் காய்ந்ததும் பென்சில் முனையைப் பொடியாக்கி, பழைய துணியில் தொட்டு நீளவாக்கில் தேய்த்துக்கொண்டே வாருங்கள். கால் மணி நேரத்தில் இரும்பு கண் விழிக்கும். விளிம்பில் மட்டும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் தீட்டிய கூர்போல் இருக்கும்.

இனி ஈ ஓட்டும் விஷயம். மரவாளுக்குக் கனம் கிடையாது. மணிக்கட்டால் வீசினாலே பறக்கிறது, நினைத்த இடத்தில் நிற்கிறது. உண்மையான வாள் அப்படி நிற்காது, ஆளையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். பார்க்கிறவன் கண்ணுக்கு இது தெரியும். ஏனென்று சொல்லத் தெரியாது, சிரித்துவிடுவான். உங்கள் தோழி பத்து நாள் வீட்டு உலக்கையை இரு கையாலும் பிடித்து, மிக மெதுவாக வீசிப் பழகட்டும். காலில் தொடங்கி, இடுப்பு திரும்பி, தோள் வந்து, கடைசியில்தான் கை வரவேண்டும். பிறகு மரவாளைக் கொடுங்கள். உடம்பு அந்தக் கனத்தை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

பரதம் தெரிந்தவள் என்பது உங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். இந்தக் கூட்டத்துக்கே வழிகாட்டியான 'கோனன் த பார்பேரியன்' (1982) பெரிய செலவுப் படம்தான், இருந்தாலும் அதில் வலேரியாவாக வரும் சாண்டல் பெர்க்மனைப் பாருங்கள். பாப் ஃபாஸி என்ற நடன இயக்குநரிடம் ஆடிய நடனக்காரி. கியோஷி யமசாகி என்ற ஜப்பானிய ஆசான் அந்தப் படத்தின் நடிகர்களுக்கு வாள் பழக்கினார். அர்னால்ட் வாளைத் தூக்கும்போது எனக்கு அவருடைய புஜம் தெரிகிறது. இந்தப் பெண் தூக்கும்போதுதான் வாள் தெரிகிறது. அப்படிப்பட்டவளுக்கே விரல் கிழிந்தது. கூட நடித்த துணை நடிகர் ஒருவர் அடவை மாற்றி வீசிவிட்டார், அவ்வளவுதான். ஆகவே உங்கள் நாயகிக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு, அடிவாங்கிச் சாகும் நான்கு பையன்களைப் படப்பிடிப்பு அன்று காலையில் வரச்சொல்லாதீர்கள். சாகிறவனுக்குத்தான் ஒத்திகை அதிகம் வேண்டும்.

அலுமினிய வாள் வாடகைக்கு எடுத்தால் இன்னொன்று. வாளோடு வாள் மோத மோத விளிம்பில் பிசிறு கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, சட்டை கிழிந்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஒருவர் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த ஒருவரை இன்றைக்கே நியமித்துவிடுங்கள்.

சிக்கனப் படங்களுக்கு வருகிறேன். 'பார்பேரியன் குயின்' அர்ஜென்டினாவில் எடுத்தது. அமெரிக்காவில் சிக்கனப் படத் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மன், புவெனஸ் ஐரெஸில் ஏரியஸ் என்ற பட நிறுவனம், இருவரும் கூட்டு. அங்கே பணவீக்கம் தலைவிரித்தாடிய காலம். கோர்மனின் டாலருக்கு அரண்மனையும் கிடைத்தது, குதிரைப்படையும் கிடைத்தது. இயக்கியவர் கத்துக்குட்டி என்று நினைத்துவிடாதீர்கள். எக்டர் ஒலிவேரா. அந்த நாட்டின் தெற்கே உள்ள பத்தகோனியாவில் 1920களின் தொடக்கத்தில் ராணுவம் தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்றதைப் படமாக்கி, 1974இல் பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி விருது வாங்கியவர். அவர் எடுத்தும் சண்டை தேறவில்லை. நாயகியும் எதிரியும் மாறி மாறி வாளை வாளால் தட்டுகிறார்கள். ஆளைக் குறிவைத்து யாரும் வீசுவதில்லை. பின்னால் நிற்கிற வீரன் தன் முறை வரும்வரை வரிசையில் நிற்கிறான், ரேஷன் கடையில் நிற்பதுபோல. குதிரையை டாலர் கொடுத்து வாங்கிவிடலாம். பழகிய கையை நாட்கள் கொடுத்துத்தான் வாங்க முடியும். உங்களிடம் இல்லாதது குதிரை. நாட்கள் இருக்கின்றன அல்லவா?

'ஹண்ட்ரா'வைக் கட்டாயம் பாருங்கள். ஸ்பெயினில் மாட் சிம்பர் எடுத்தது, லாரீன் லாண்டன் நாயகி. இசை என்னியோ மோரிக்கோனி, சிக்கனப் படத்துக்கு இது ராஜபோகம். நகரத்துப் பெண் ஒருத்தி ஹண்ட்ராவுக்கு நடையுடை பாவனை சொல்லித்தருகிறாள், பதிலுக்கு ஹண்ட்ரா அவளுக்குச் சண்டை சொல்லித்தருகிறாள். தெரியாதவள் வாளை எப்படிப் பிடிப்பாள் என்று காட்டிவிட்டால், தெரிந்தவள் கையின் மதிப்பு தானாக ஏறிவிடும். இதற்கு நயா பைசா செலவில்லை.

வாசுகி:
அரிதாரம் ஐயா வாளைவிட்டு நகரவே இல்லை. மருதாணி, 'பார்பேரியன் குயின்' பார்க்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எழுபது நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான அந்தப் படத்தில் பெண்களைப் பலவந்தப்படுத்தும் காட்சிகள் வருகின்றன, அவையும் வேடிக்கைப் பொருளாகவே எடுக்கப்பட்டிருக்கின்றன. திருமண நாளில் ஊர் சூறையாடப்படுகிறது, மணப்பெண் வாளெடுத்துக் கிளம்புகிறாள் என்பது நல்ல கதை. ஆனால் பெயரில்தான் அவள் அரசி; கேமரா கொள்ளைக்காரர்கள் பக்கம் நிற்கிறது. தோழிகளோடு சேர்ந்து பார்ப்பதென்றால் விரல் ரிமோட்டிலேயே இருக்கட்டும்.

அதில் நாயகியான லானா கிளார்க்சனைப் பற்றித் தேடினால் படத்தைவிட அவருடைய மரணச் செய்திதான் முதலில் வரும். 2003இல் இசைத் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்; 2009இல் ஸ்பெக்டர் குற்றவாளி என்று தீர்ப்பானது. எனக்கு அந்தப் படத்தை அதற்குப் பிறகு சிரித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை. தோழியாக வரும் கேட் ஷியா இரண்டே வருடத்தில் கோர்மன் தயாரிப்பிலேயே இயக்குநராகிவிட்டார் என்பது கொஞ்சம் ஆறுதல்.

'அமேசான்ஸ்' கதை இன்னும் விசித்திரம். திரைக்கதை எழுதிய சார்ல்ஸ் சாண்டர்ஸ் கறுப்பின எழுத்தாளர். ஆப்பிரிக்காவின் தஹோமி அரசில் பெண்களுக்கென்றே ஒரு படை இருந்தது அல்லவா, அவர்களை மனத்தில் வைத்து டொசூயே என்ற போராளியைச் சிறுகதையில் படைத்தார். போரில் அவளோடு எருமை ஒன்று வரும். அந்தச் சிறுகதை அர்ஜென்டினா போய்ப் படமானபோது வீராங்கனைகள் வெள்ளைக்காரிகளாகிவிட்டார்கள். பணம் போதவில்லை என்று இதற்குமா சொல்வது? உங்கள் நாயகி எந்த நாடு என்று தெரியாத நாட்டுக்காரி என்கிறீர்கள். அவள் முகமும் நிறமும் யாருடையவை என்பதையாவது முடிவுசெய்துவிடுங்கள்.

அரிதாரம்:
வாசுகி அம்மா சொல்வது சரி. என் கண் வாளிலேயே நின்றுவிட்டது, தொழில் புத்தி. அந்தக் காட்சிகளை நான் எச்சரித்திருக்க வேண்டும்.

மருதாணி:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 'ஹண்ட்ரா' முழுவதும் பார்த்தோம். 'பார்பேரியன் குயி'னைப் பாதியில் நிறுத்திவிட்டோம், வாசுகி அக்காவுக்கு நன்றி. நாயகி எங்கள் ஊர்க்காரிதான், எங்கள் நிறம்தான். திரைக்கதையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டோம்.

உலக்கைப் பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள் தோழியின் பாட்டி உலக்கையைக் காணவில்லை என்று வீட்டையே புரட்டிவிட்டார். விஷயம் தெரிந்ததும் திட்டுவார் என்று பயந்தோம். அவரோ, பிடி தவறு என்று சொல்லி, கைகளுக்கு நடுவே இன்னும் ஒரு சாண் இடைவெளி விடச் சொன்னார். அதன் பிறகுதான் இடுப்பு தானாகத் திரும்பத் தொடங்கியது. நேற்று கறுப்பு வாளோடு மீண்டும் பதிந்தோம். தம்பிதான் கைப்பேசியைப் பிடித்திருந்தான். இந்த முறை படம் நடுவில் ஆடியிருக்கிறது, ஏனென்றால் அவன் இரண்டடி பின்னால் குதித்துவிட்டான்.

ஐயா, சாகப்போகிற நான்கு பையன்களுக்கும் தோல் கைப்பட்டை வேண்டும். மொத்தம் எட்டு. உங்கள் கடையில் வாடகைக்குக் கிடைக்குமா? எட்டும் திரும்பி வரும்.