நுண்கசிவா, விளிம்பூறலா?

ஐயா, வணக்கம். பல் மருத்துவக் கலைச்சொல் வரைவில் "மைக்ரோலீக்கேஜ்" என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டபோது நீங்கள் எழுதியது:

> மைக்ரோ என்றால் நுண், லீக்கேஜ் என்றால் கசிவு. நுண்கசிவு என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போக முடியவில்லை. கசிவு என்றதும் உள்ளே இருப்பது வெளியே வருவதுதான் நமக்குத் தோன்றும். குழாய் கசிகிறது, பானை கசிகிறது. பல்லில் நடப்பது நேர்மாறு. அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே உமிழ்நீரும் கிருமியும் உள்ளே நுழைகின்றன. நோயாளி ஒருவரிடம் "கசிவு" என்று சொல்லிவிட்டேன். "அடைத்த சிமெண்ட் கரைந்து வயிற்றுக்குள் போகுமா?" என்று மிரண்டுவிட்டார்.

பல்லை அடைக்கும் பிசின் ஒளிபட்டு இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு சுருங்குகிறது. உள்ளே கலந்த நிரப்புத்துகள் குறைந்த, எளிதில் ஒழுகும் வகை இன்னும் சுருங்கும். ஆனால் சற்று வளைந்துகொடுக்கும். அரிமானம் கண்ட பல்லின் கழுத்தில், அதாவது ஈறை ஒட்டிய இடத்தில், மேல்புறம் எனாமல். அமிலம் தடவிக் கழுவினால் பிசின் அதை நன்றாகக் கவ்விக்கொள்ளும். ஈறுப்பக்கம் பெரும்பாலும் எனாமல் இராது, எனாமலுக்கு அடியில் இருக்கும் ஈரமான டென்டைன்தான். பிடிப்பு தளர்வது அங்கேதான். இதைச் சோதிக்க, பிடுங்கிய பற்களை அடைத்து, 5 பாகை, 55 பாகை செல்சியஸ் நீரில் மாறி மாறி முக்கி, மெத்திலீன் நீலத்தில் போட்டுவைத்து, நெடுக அறுத்துப் பார்ப்பார்கள். ஈறுப்பக்கச் சுவரை ஒட்டி மயிரிழை போல நீலம் ஏறியிருக்கும். எந்த வகைப் பிசினானாலும் பெரும்பாலும் தோற்பது அந்தப் பக்கமே.

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் சுண்ணாம்புச் சாந்து பெயர்ந்த இடத்தில் சிமெண்டால் ஒட்டுப் போட்டோம். ஐப்பசி மழைக்கு ஒட்டைச் சுற்றிக் கறுத்துவிட்டது. கொத்தனார் விரலால் தடவிப் பார்த்து, "ஓரத்தில் ஊறல் எடுத்திருக்கிறது" என்றார். சுண்ணாம்பும் சிமெண்டும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. பல்லும் பிசினும் அப்படித்தான். சூடான காப்பிக்குப் பிசின் கூடுதலாக விரியும். ஆகவே என் முன்மொழிவு: விளிம்பூறல்.

---

டாக்டர் அம்மா,

ஊறல் என்றால் செய்தித்தாளில் சாராய ஊறல். வாய் என்றாலோ எச்சில் ஊறல். இரண்டுக்கும் நடுவில் உங்கள் சொல் அகப்பட்டுக்கொள்ளாதா? வரைவில் "மார்ஜினல் சீல்" (அடைப்பின் ஓரம் இடைவெளியின்றி ஒட்டியிருப்பது) என்பதற்கு "விளிம்பு முத்திரை" என்றிருக்கிறது, அதையும் பாருங்கள்.

---

ஐயா,

சாராயத்துக்கு விளிம்பு கிடையாது, முன்சொல்லே காப்பாற்றிவிடும். எச்சில் சேர்வதில் எனக்குக் குறையில்லை, உள்ளே போவதே அதுதானே! முத்திரை பத்திரப்பதிவு அலுவலகத்திலேயே இருக்கட்டும். "ஊறல் புகா விளிம்பு" என்று எழுதினால் போதும், தனிச்சொல் தேவையில்லை.

இன்னொன்று. வரைவில் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு என்றிருப்பதை மாற்றுங்கள். மேல்தாடைப் பல்லுக்கு ஈறு மேலே இருக்கிறது. என் முதல் மடலிலேயே "மேல்புறம்" என்று தவறாக எழுதியிருக்கிறேன். கடிப்பக்க விளிம்பு, ஈறுப்பக்க விளிம்பு என்று போட்டுவிடுங்கள்.