ரிசர்வில் வால்பாறை ஏறும்போது வளைவுகளில் திணறல், இப்போது காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது. என்ன பார்க்க வேண்டும்?

பொள்ளாச்சிப் பொண்ணு:

வணக்கங்க. வண்டி 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 35 லிட்டர் டேங்க். அப்பாதான் ஓட்டுவார். பெட்ரோல் லாம்ப் எரிந்த பிறகுதான் பங்குக்குப் போவது அவர் வழக்கம். போன வாரம் வால்பாறையில் ஒரு துக்க வீட்டுக்கு அவசரமாகக் கிளம்பினோம். ஆழியாறு தாண்டுவதற்கு முன்பே லாம்ப் எரிந்துவிட்டது. மீட்டரில் இன்னும் 60 கி.மீ. ஓடும் என்று காட்டியதால் அப்பா நிறுத்தவில்லை.

மலை ஏற ஏற அந்த எண் மளமளவென்று இறங்கியது. லோம்ஸ் வியூ இருக்கிற 9-வது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் வண்டி திணற ஆரம்பித்தது. எல்லா வளைவிலும் இல்லை, வலது பக்கம் திரும்பி ஏறும் வளைவுகளில் மட்டும். நேர் ரோட்டுக்கு வந்தால் சரியாகிவிடும். எப்படியோ வால்பாறை டவுன் போய்ச் சேர்ந்து பெட்ரோல் போட்டோம். திணறல் அதோடு நின்றுவிட்டது.

ஆனால் ஊருக்குத் திரும்பியதிலிருந்து காலையில் செல்ஃப் ரொம்ப நேரம் அடித்தால்தான் வண்டி எடுக்கிறது. பேட்டரி புதுசு. ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் எந்த எரர் கோடும் (பிழைக் குறியீடும்) வரவில்லை. டேங்க் அடியில் இருந்த கசடு பம்புக்குள் ஏறிவிட்டது என்று ஒருவர் சொல்கிறார். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

சூலூர் மெக்கானிக்:

அம்மிணி, இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. வளைவில் திணறியது வேறு, காலையில் அடம்பிடிப்பது வேறு.

முதலில் வளைவு. பெட்ரோல் பம்ப் டேங்குக்கு உள்ளேயே இருக்கிறது. டேங்க் தட்டையானது, நாலைந்து லிட்டர்தான் இருக்கிறது என்றால் ஏற்றத்தில் அது பின்பக்கம் ஓடும், திரும்பும்போது ஓரத்துக்கு ஒதுங்கும். பம்பைச் சுற்றி ஒரு சின்னத் தொட்டி வைத்திருப்பார்கள்தான். அது சில நொடிகளுக்குத் தாங்கும். கொண்டை ஊசி வளைவில் மெதுவாக, நீண்ட நேரம் சாய்ந்து ஏறும்போது அதுவும் காலியாகி, பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் திணறியது, பெட்ரோல் போட்டதும் நின்றுவிட்டது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் இதுதான்.

காலைப் பிரச்சினைக்கு நாளைக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பின் சீட் பக்கம் இரண்டு நொடி ‘ம்ம்ம்’ என்று சத்தம் வந்து நிற்கும், பம்ப் ஓடி பெட்ரோல் பைப்பில் பிரஷர் ஏற்றும் சத்தம் அது. ஆஃப் செய்து மறுபடி ஆன். இப்படி மூன்று முறை செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். உடனே எடுத்தால், ராத்திரி நிற்கும்போது பைப்பில் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று பொருள். எடுத்தவுடன் கரும்புகையோ பெட்ரோல் வாசமோ வருகிறதா என்றும் கவனியுங்கள்.

உடுமலைக்காரன்:

எத்தனால் கலந்த பெட்ரோலால் இருக்குமோ? எங்க வண்டியில் மைலேஜ் குறைந்துவிட்டது. அப்புறம், மலைக்குப் போகிறவர்கள் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து டிக்கியில் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

சூலூர் மெக்கானிக்:

பாட்டில் வேண்டவே வேண்டாங்க. வெயிலில் டிக்கி சூடாகி, ஆவி மூடியைத் தாண்டி வண்டிக்குள் பரவும். பிளாஸ்டிக் உரசலில் வரும் சின்னப் பொறி போதும். நல்ல பங்கில் பாட்டிலுக்குப் போடவும் மாட்டார்கள். கட்டாயம் எடுத்துப் போக வேண்டும் என்றால் இறுகிய மூடியுள்ள இரும்பு ஜெர்ரி கேன் வாங்குங்கள். பொள்ளாச்சியிலேயே டேங்கில் போட்டுக்கொண்டால் அதுவும் தேவையில்லை.

எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் 6, 7 சதவீதம் குறையும். மைலேஜில் அது தெரியும். ஆனால் ஒரு பக்க வளைவில் மட்டும் திணற அது காரணமில்லை.

கசடு விஷயமும் பாதிதான் உண்மை. பம்ப் எப்போதுமே அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது, டேங்க் நிறைய இருந்தாலும் சரி. கடைசி லிட்டரில் புதிதாகக் கசடு வந்துவிடாது. பம்பின் வாயில் இருக்கும் வலை அடைத்திருக்கலாம், அதைக் கழற்றினால்தான் தெரியும்.

பொள்ளாச்சிப் பொண்ணு:

அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன். மூன்று முறை சாவி போட்ட பிறகு ஒரே செல்ஃபில் எடுத்துவிட்டது! புகை, வாசம் எதுவும் இல்லை. ஆனால் பின் சீட்டிலிருந்து வரும் சத்தம் ஒரு மாதிரி கீச்சென்று இருக்கிறது. முன்பு இப்படி இல்லை.

அப்பாவிடம் சொன்னால் “லாம்ப் எரிந்தாலும் 60 கி.மீ. தாராளமாக ஓடும்” என்கிறார். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

சூலூர் மெக்கானிக்:

புகையும் வாசமும் இல்லை என்றால் இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுவதற்கு வாய்ப்பு குறைவு. பம்பில் ஒரு வால்வு உண்டு, வண்டி நின்ற பிறகும் பிரஷரைப் பிடித்து வைப்பது அதன் வேலை. அதுதான் விடுகிறது என்று நினைக்கிறேன். கீச்சுச் சத்தம் பம்ப் தேய்ந்ததைக் காட்டுகிறது. பார்க்காமல் மாற்றச் சொல்ல மாட்டேன். பிரஷர் கேஜ் போடச் சொல்லுங்கள். இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் (பிரஷரை அளக்கும் அலகு) வரை இருக்கும். இன்ஜின் நின்ற சில நிமிடத்தில் முள் மளமளவென்று விழுந்தால் சந்தேகம் தீர்ந்தது.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். பம்பின் மோட்டார் பெட்ரோலுக்குள் மூழ்கியே ஓடுகிறது. அதைக் குளிர வைப்பதும், உள்ளே உராய்வைக் குறைப்பதும் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சூட்டிலேயே வேலை செய்யும், வளைவில் காற்றை இழுக்கும்போது வறண்டு சுற்றும். அன்றைய ஒரு பயணத்தால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வண்டிக்கும் வயதாகிவிட்டது. ஆனால் அந்தப் பழக்கம் பம்பின் ஆயுளைக் குறைக்கும்.

60 கி.மீ. கணக்கும் சமதளத்துக்குத்தான். கொஞ்சம் முன்பு வரை ஓடிய மைலேஜை வைத்து மீட்டர் சொல்கிறது. முன்னால் மலை இருப்பது அதற்குத் தெரியாது. ஆழியாற்றிலிருந்து மேலே ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,200 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே ஒரு லிட்டருக்குச் சற்று மேல் எரியும். தூரத்துக்கு எரிவது தனி. ரிசர்வில் இருப்பதே நாலைந்து லிட்டர்!

ஆனைமலைத் தோப்பு:

எங்கள் தேங்காய் வண்டி டீசல். அதற்கும் இப்படித்தானா?

சூலூர் மெக்கானிக்:

டீசலுக்கு இன்னும் மோசங்க. காமன் ரெயில் வண்டியில் (டீசலை மிக அதிக பிரஷரில் ஒரே குழாயில் தேக்கி இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் வகை) ஹை பிரஷர் பம்புக்கு எண்ணெய் மாதிரி இருப்பதே டீசல்தான். வறண்டு சுற்றினால் உள்ளே உரசி, இரும்புத் துகள் இன்ஜெக்டர் வரை போகும். அந்தச் செலவைத் தாங்க முடியாது. காலியாகி நின்றுவிட்டால் டீசல் ஊற்றியவுடன் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். கை பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அழுத்தி ஏர் எடுத்துவிட்டு, பிறகு அடியுங்கள்.

உடுமலைக்காரன்:

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமே?

சூலூர் மெக்கானிக்:

இல்லைங்க. இப்போதைய வண்டியில் கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் ஐடிலுக்கு எரிந்துகொண்டே இருக்கும், பிரேக்கும் சூடாகும். இன்ஜினை ஆஃப் செய்து இறங்குவது பேராபத்து. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும்.

ஏற்றத்தில் நின்றே போனால், பிரேக் பிடிக்கும்போதே ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, நான்கு இண்டிகேட்டர் விளக்கையும் எரிய விடுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் கல் வையுங்கள். அது புலிகள் காப்பகத்துக் காடு, யானை வரும் ரோடு. இருட்டிவிட்டால் கல் வைத்ததும் உள்ளே ஏறிக்கொள்ளுங்கள், நடந்து போக வேண்டாம்.

பொள்ளாச்சிப் பொண்ணு:

கேஜ் போட்டுப் பார்த்தார்கள் அண்ணா. ஓடும்போதே 3 பார் தொடவில்லை, ஆஃப் செய்ததும் உடனே விழுந்துவிட்டது. பம்ப் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவும் முள் விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். வெள்ளிக்கிழமை வண்டியை விடுகிறோம். ஃபுல் டேங்க் போட்டுக் கொண்டுபோகலாமா?

சூலூர் மெக்கானிக்:

ஃபுல் வேண்டாம் அம்மிணி. பம்பைக் கழற்றும்போது டேங்க் நிறைய இருந்தால் சிந்தும். கால் டேங்க் இருந்தால் போதும். பம்பை எடுக்க பின் சீட்டுக்கு அடியில் ஒரு மூடி வைத்த வண்டியா, டேங்கையே இறக்க வேண்டிய வண்டியா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், கூலி மாறும். பேட்டரி வயரைக் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும். வலையும் ரப்பர் ரிங்கும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய பம்பை வாங்கி வலையைப் பாருங்கள், கறுத்து அடைத்திருந்தால் டேங்கையும் ஒருமுறை கழுவிவிடச் சொல்லுங்கள்.