உதவி: ஸ்கிரிப்டுக்கு என் நிரலின் ஆப்ஜெக்ட் தெரியவில்லை (கியூட்டி 6, கொழுந்து நிறுவைக் கணக்கு)

டிக்கோயாக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசுக்காகக் கொழுந்து நிறுவைக் கணக்கு நிரல் எழுதுகிறேன். சி பிளஸ் பிளஸ் மொழி, கியூட்டி 6 (நிரல் எழுத உதவும் கருவித்தொகுதி), விண்டோஸ்.

கணக்கு விதிகளை நிரலுக்குள் பூட்டி வைக்க எனக்கு விருப்பமில்லை. சாக்குக்கு எவ்வளவு கழிப்பது, மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு, எத்தனை கிலோவுக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), எப்போது அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்பதெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. எங்கள் பக்கம் தென்மேல் பருவமழையில் கொழுந்து நனைந்தேதான் வரும். அதே மாதங்களில் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். அதனால் ஆபீசில் இருப்பவர்களே விதியை ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டும், எழுதியதை அச்சடித்து நிறுக்கிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது என் ஆசை. என் அம்மா இருபது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். தன் கிலோவில் எவ்வளவு போனது, எதற்காகப் போனது என்று ஒருநாளும் யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். கியூட்டியில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற கியூஜேஎஸ்எஞ்சின் பாவிக்கிறேன். நிறுவை ஆப்ஜெக்டை நியூகியூஆப்ஜெக்ட் மூலம் சுற்றி, குளோபல் ஆப்ஜெக்டில் ஒரு பெயரில் வைத்தேன். ஸ்கிரிப்டில் ஆப்ஜெக்ட்நேம் கேட்டால் சரியாக வருகிறது. ஆனால் நான் எழுதிய கிலோ என்ற மெதட்டைக் கூப்பிட்டால், அது ஃபங்ஷனே இல்லை என்று டைப்எரர் வருகிறது. மெதட் பப்ளிக்கில்தான் இருக்கிறது. இரண்டு நாளாகத் தேடுகிறேன்.

ஊவாப்பெண்:

தம்பி, ஆப்ஜெக்ட்நேம் தெரிகிறது என்றால் நீங்கள் சுற்றிக் கொடுத்த முறை சரி. அது கியூஆப்ஜெக்டில் இருந்து வருகிற பிராப்பர்ட்டி. உங்களுடையது மட்டும் தெரியாததற்குக் காரணம், எஞ்சின் சி பிளஸ் பிளஸ் கிளாசை நேரடியாகப் பார்ப்பதில்லை, மெட்டா ஆப்ஜெக்டை, அதாவது கிளாசைப் பற்றிக் கியூட்டி வைத்திருக்கும் விவரப் பட்டியலைத்தான் பார்க்கிறது. பப்ளிக் என்று போட்டால் மட்டும் ஒரு மெதட் அதில் ஏறாது. சிக்னல், ஸ்லாட், கியூ_இன்வோக்கபிள் என்று குறித்த மெதட், கியூ_பிராப்பர்ட்டியாக அறிவித்த பண்பு ஆகியவைதான் ஏறும்.

கிளாசின் தலையில் கியூ_ஆப்ஜெக்ட் மேக்ரோ இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் தாய் கிளாசின் மெட்டா ஆப்ஜெக்ட்தான் கிடைக்கும், உங்கள் அறிகுறியும் இதேதான். கியூமேக் என்ற பில்ட் கருவியைப் பாவிப்பவர் என்றால் மேக்ரோவைச் சேர்த்த பிறகு கியூமேக்கை மறுபடி ஓட்டுங்கள்.

கியூட்டியின் பழைய ஸ்கிரிப்ட் பகுதியான கியூட்டிஸ்கிரிப்டின் பாடங்களைப் பார்த்து எழுத வேண்டாம். அது 5.5 இலேயே கைவிடப்பட்டது, 6 இல் இல்லவே இல்லை.

டிக்கோயாக்காரன்:

அக்கா, மிக்க நன்றி! மேக்ரோ இருந்தது, இன்வோக்கபிள்தான் இல்லை. போட்டதும் கிலோ வந்துவிட்டது.

ஆனால் இப்போது நிரல் விழுகிறது (பாதியில் நின்றுவிடுகிறது). ஆள்கொடு என்று ஒரு மெதட் வைத்திருக்கிறேன். செக்ரோல் (ஆள்பதிவுப் புத்தகம்) எண்ணைக் கொடுத்தால் அந்த ஆளின் ஆப்ஜெக்டுக்குப் பாயிண்டர் திருப்பித் தரும். பத்துப் பேரை வைத்துச் சோதித்தால் ஒன்றுமில்லை. தோட்டத்தின் ஒரு பிரிவான முழு டிவிசனையும் ஓட்டினால் ஒருமுறை ஆள் பட்டியலின் 140 ஆவது வரியில் விழுகிறது, இன்னொருமுறை 210 இல். அதே தரவுதான்.

கம்பளைக்காரர்:

ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுகிறது என்றால் முதலில் கார்பேஜ் கலெக்டரை, அதாவது வேண்டாத ஆப்ஜெக்டுகளை எஞ்சின் தானே அழிக்கிற பகுதியைச் சந்தேகப்படுங்கள். அந்த ஆள் ஆப்ஜெக்டுகளுக்குப் பேரன்ட் (அவற்றுக்குச் சொந்தக்கார ஆப்ஜெக்ட்) வைத்தீர்களா? வைத்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பேரன்ட் இல்லாத கியூஆப்ஜெக்டை இன்வோக்கபிள் மெதட் திருப்பிக் கொடுத்தால், அதன் உரிமை ஸ்கிரிப்ட் பக்கம் போய்விடுகிறது. ஸ்கிரிப்ட் அதைத் தொட்டு முடித்ததும், யாருக்கும் வேண்டாத பொருள் என்று எஞ்சின் அழித்துவிடும். உங்கள் பட்டியலில் பழைய பாயிண்டர் அப்படியே இருக்கும். அடுத்த தடவை அதைத் தொடும்போது நிரல் விழும்.

உறுதி செய்ய ஒரு வழி: ஒவ்வொரு வரிக்குப் பிறகும் கலெக்ட்கார்பேஜை நீங்களே கூப்பிடுங்கள். நான் சொல்வது சரியென்றால் பத்துப் பேரிலேயே விழும். பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் பேரன்ட் கொடுங்கள், அல்லது செட்ஆப்ஜெக்ட்ஓனர்ஷிப் மூலம் உரிமை சி பிளஸ் பிளஸ் பக்கம்தான் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இதையும் யோசியுங்கள். விதி எழுதுகிறவருக்கு ஏன் உயிருள்ள ஆப்ஜெக்டையே கொடுக்கிறீர்கள்? கிலோவைப் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் அவர் வேலை, கிலோவை மாற்றுவது அல்ல. நியூஆப்ஜெக்டால் ஒரு வெற்று ஆப்ஜெக்ட் எடுத்து, அன்றைய நிறை, சாக்கு எண்ணிக்கை, மழையா இல்லையா என்பவற்றை மட்டும் அதில் எழுதி, சீட்டுக் கொடுப்பது போலக் கொடுங்கள். ஸ்கிரிப்ட் ஒரு எண்ணைத் திருப்பித் தரட்டும், புத்தகத்தில் பதிவது உங்கள் நிரலாக இருக்கட்டும். சீட்டில் அவர் எதைக் கிறுக்கினாலும் மூலக் கணக்கு அப்படியே இருக்கும், உரிமைப் பிரச்சினையும் வராது. உயிருள்ள ஆப்ஜெக்டைத்தான் கொடுக்க வேண்டும் என்றால், பிராப்பர்ட்டிகளை ரைட் இல்லாமல் ரீட் மட்டும் வைத்து அறிவியுங்கள்.

டிக்கோயாக்காரன்:

கலெக்ட்கார்பேஜ் போட்டேன், இரண்டாவது ஆளிலேயே விழுந்தது. பேரன்ட் கொடுத்ததும் முழு டிவிசனும் சுத்தமாக ஓடியது. ஆனால் சீட்டு முறைதான் எனக்குப் பிடித்திருக்கிறது அண்ணா, அதற்கே மாறப் போகிறேன்.

பழைய கணக்கப்பிள்ளை:

நான் பொகவந்தலாவைப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நிரல் தெரியாது, மகன் இதைக் காட்டினான். அந்தச் சீட்டில் என்ன சொல் போடுவீர்கள் தம்பி? ஆபீசில் இருப்பவன் நிறை, சாக்கு, மேல்கிலோ (கூடுதலாக எடுத்த கிலோ), பேர், அரைப்பேர் என்று சொல்லிப் பழகியவன். இங்கிலீசில் வேறு பெயர் வைத்தால் அவன் தொடவே மாட்டான், திரும்ப உங்களையே கூப்பிடுவான்.

ஊவாப்பெண்:

ஐயா சொல்வதை அப்படியே செய்யலாம். ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்கும் பண்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். செட்பிராப்பர்ட்டி எந்தச் சரத்தையும் பெயராக ஏற்கும். விதி ஒரே கோவையாக (எக்ஸ்பிரஷனாக) இருந்தால் இங்கிலீஷ் சொல்லே தேவையில்லை:

கொழுந்து.நிறை - கொழுந்து.சாக்கு * 0.5 - (நாள்.மழை ? கொழுந்து.நிறை * 0.04 : 0)

இவாலுவேட் இதன் விடையை அப்படியே திருப்பித் தரும். வந்தது எரரா என்று இஸ்எரரால் பாருங்கள். எரர் என்றால் லைன்நம்பர் பண்பை எடுத்து, எத்தனையாவது வரியில் பிழை என்று தமிழில் காட்டுங்கள்.

பழைய கணக்கப்பிள்ளை:

அந்த 0.04 ஐ உதாரணமாகக்கூட வைத்து அனுப்ப வேண்டாம். மாற்றாமல் விட்டுவிடுவார்கள், அதுவே தோட்டத்து வழக்கமாகிவிடும். பூச்சியம் போட்டு அனுப்புங்கள்.

டிக்கோயாக்காரன்:

பூச்சியமே போட்டேன் ஐயா. என் கணினியில் எல்லாம் அருமையாக ஓடுகிறது. ஆனால் ஆபீஸ் கணினியில், கொழுந்து வரையறுக்கப்படவில்லை என்று ரெஃபரன்ஸ்எரர். நாள், மழை எல்லாம் வேலை செய்கிறது, கொழுந்து மட்டும் இல்லை. எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், பிழையே இல்லை.

கம்பளைக்காரர்:

அவர்கள் எதில் தட்டச்சு செய்தார்கள்? இரண்டு இடத்திலும் கொழுந்து என்ற சொல்லின் லெங்த் (குறியீடுகளின் எண்ணிக்கை) எவ்வளவு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

டிக்கோயாக்காரன்:

யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்து, ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி ஒட்டியிருக்கிறார்கள். என்னுடையது 8, அவர்களுடையது 9.

கம்பளைக்காரர்:

அந்த ஒன்றுதான் காரணம். யூனிகோடில் கொ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஜாவாஸ்கிரிப்ட் பெயர்களை ஒப்பிடும்போது இவற்றை ஒன்றாக்கிப் பார்க்காது, எனவே அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். நாள், மழை இரண்டிலும் அப்படிப் பிரியக்கூடிய குறி இல்லை, அதனால் தப்பின. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே ஆபத்து உண்டு.

ஸ்கிரிப்டை இவாலுவேட்டுக்குக் கொடுக்கும் முன் கியூஸ்டிரிங்கின் நார்மலைஸ்டு மூலம் சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றுங்கள். செட்பிராப்பர்ட்டிக்குக் கொடுக்கிற பெயர்களையும் அப்படியே மாற்றுங்கள்.

டிக்கோயாக்காரன்:

ஓடிவிட்டது! ஆபீசில் இருந்து இப்போதுதான் வந்தேன். அங்கிருக்கும் தங்கச்சி தானே சாக்குக் கழிவை மாற்றி எழுதி, ஓட்டியும் பார்த்தாள். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும். அக்காவுக்கும் அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் நன்றி.

பழைய கணக்கப்பிள்ளை:

சந்தோசம் தம்பி. ஒன்று கேட்க வேண்டும். நாள்.மழை என்று போட்டிருக்கிறீர்களே, மழை என்று யார் முடிவு செய்வது? காலையில் பெய்து மத்தியானம் வெளுத்தால், அந்தி நிறுவைக்கும் ஈரம் கழிப்பீர்களா?

டிக்கோயாக்காரன்:

நான் நாளுக்கு ஒன்றாகத்தான் வைத்திருந்தேன் ஐயா. அப்படியென்றால் அந்திக் கொழுந்தில் காரணமில்லாமல் போகும். இன்றிரவே மாற்றுகிறேன். நிறுவைக்கு ஒன்றாக, நிறுவை.மழை. அதைக் குறித்தவர் யார், எத்தனை மணிக்கு என்பதும் அச்சடிக்கிற தாளில் வரும்.